ஒவ்வொரு செவிக்கும் ஒரு விலை: இசை உரிமைத்தொகையும் இணைய வானொலியும் குறித்து எல்லைப்பகுதியிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

இது சற்றே நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். முதுகலையில் மொழியியல் பயின்றேன். இப்போது திருப்பதியில் தங்கி, ஆந்திர எல்லையோரத் தமிழ்ப் பேச்சுவழக்குகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். சட்டமும் இசையும் என் துறைகள் அல்ல. ஆயினும் என் ஆய்வுக்குத் தரவு தந்துகொண்டிருந்த ஒரு சிறு இணைய வானொலி, இசை உரிமைத்தொகை என்னும் ஒரே காரணத்தால் ஓய்ந்துபோனது. அதன் காரணத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, தொண்ணூறு ஆண்டுகால வானொலி வரலாறு ஒன்று விரிந்தது. அதனைச் சுருக்கித் தருவதே இப்பதிவின் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு சொற்குறிப்பு. தமிழில் 'காப்புரிமை' என்னும் சொல், புத்தாக்கம் ஒன்றைக் கண்டறிந்தவரின் உரிமைக்கும் நூல், இசை முதலியவற்றைப் படைத்தவரின் உரிமைக்கும் ஒருசேர வழங்குகிறது. குழப்பம் தவிர்க்கப் பின்னதைப் 'பதிப்புரிமை' என்றும், அதன்வழிச் செலுத்தப்படும் ராயல்டியை 'உரிமைத்தொகை' என்றும் இங்கே குறிக்கிறேன்.

1. ஒரு பாடலுள் மூன்று உரிமைகள்

திருப்பதியில் விடியற்காலை என்றால் எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் வேங்கடேச சுப்ரபாதம்தான். தேநீர்க்கடை, பேருந்து நிலையம், வீட்டு முற்றம் என எங்கும் அதே குரல். அந்த இசைத்தட்டை எச்.எம்.வி. நிறுவனம் 1963இல் வெளியிட்டது. அதன் உரிமைத்தொகை திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்குச் சேரும்படி எம்.எஸ். ஏற்பாடு செய்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. உரிமைத்தொகை என்றாலே பெருநிறுவனங்களின் வசூல் என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு குரலின் ஊதியம் தலைமுறை தலைமுறையாக மாணவர்களின் கல்விக்குப் பயன்பட்டிருக்கிறது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். முதலில் 50 ஆண்டுகளாக இருந்த இக்காலவரம்பு, 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகள் பொதுவுடைமையாகும் தறுவாயில் எழுந்த கோரிக்கையை ஒட்டி, 1992இல் 60 ஆக நீட்டிக்கப்பட்டது. அக்கணக்கின்படி 1963ஆம் ஆண்டு ஒலிப்பதிவின் உரிமை 2023 டிசம்பர் 31 அன்று முடிவுற்றது. சுப்ரபாதத்தின் பாடமோ 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மணவாள மாமுனிகளின் சீடரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றியது. அதற்கு உரிமையாளர் எவரும் இலர்.

எல்லாப் பாடல்களும் இவ்வளவு எளியவை அல்ல. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408–1503) கீர்த்தனைகளை எடுத்துக்கொள்வோம். திருமலைக் கோயிலில் செப்பேடுகளாகக் கிடந்த அவை இருபதாம் நூற்றாண்டில்தான் வெளியுலகை அடைந்தன. பாடல் வரிகள் பொதுவுடைமை. ஆனால் இன்று நாம் கேட்கும் மெட்டுகளுள் பல, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி போன்றோர் அமைத்தவை. மெட்டும் ஒரு படைப்பே; அதன் உரிமை படைத்தவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் நிலைக்கும். சர்மா 1979இல் மறைந்தார். ஆகவே 2039 இறுதிவரை. நேதுனூரி 2014இல் மறைந்தார். ஆகவே 2074 இறுதிவரை. அம்மெட்டைப் பாடிப் பதிவுசெய்த ஒலித்தட்டுக்கு வேறொரு காலக்கணக்கு.

ஆக, வரி, மெட்டு, ஒலிப்பதிவு என ஒரே பாடலுள் மூன்று உரிமைகள் உள்ளன. மூன்றும் வெவ்வேறு கைகளில் இருக்கலாம். வெவ்வேறு ஆண்டுகளில் முடியலாம். வானொலி நடத்துபவர் ஒரு பாடலை ஒலிபரப்பும்போது மூன்று உரிமையாளருக்கும் கடமைப்பட்டவராகிறார். இது நெறிப்படி சரியே. சிக்கல், அக்கடமையை எப்படி அளப்பது என்பதில் இருக்கிறது.

2. எண்ணப்படாத செவிகள்

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. சித்தூர் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தின் பகுதி. வானொலிப் பெட்டி வைத்திருந்தவர் எவரும் அதற்கான உரிமக் கட்டணம் செலுத்திக் கேட்கலாம். ஓர் இசைத்தட்டை நிலையம் ஒருமுறை ஒலிபரப்பினால், அதனைக் கேட்பவர் பத்துப்பேரா, பத்தாயிரம் பேரா என்பது எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியும் இல்லை. கூடுதலாக ஒருவர் கேட்பதால் நிலையத்துக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. வானொலியின் பரவலுக்கு இந்த எளிய உண்மையே அடித்தளமாக அமைந்தது என்று கருதுகிறேன்.

உரிமைப் பூசல் அக்காலத்திலும் இல்லாமலில்லை. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை வானொலியில் குறைக்க முனைந்தார். பாடல் இடம்பெற்ற படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று கூறி, அவ்வறிவிப்பும் நிறுத்தப்பட்டது. தயாரிப்பாளர்கள் தாங்கள் அளித்திருந்த ஒலிபரப்பு உரிமங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஏறத்தாழ மறைந்தன.

நேயர்கள் என்ன செய்தனர்? இலங்கை வானொலிக்குத் திருப்பினர். கொழும்பிலிருந்து வந்த சிற்றலை ஒலிபரப்பு இந்தியாவெங்கும் கேட்டது. அதன் தமிழ்ச் சேவையின் அறிவிப்பாளர்களைத் தமிழ்நாட்டு வீடுகள் உறவினரைப்போல் அறிந்திருந்தன. ஐந்தாண்டுகள் கழித்து, 1957 அக்டோபர் 3 அன்று, விவித பாரதி தொடங்கப்பட்டதன் பின்னணியில் இந்த இழப்பு இருந்தது. உரிமம் நின்றுபோனால் நேயர் கேட்பதை நிறுத்துவதில்லை, வேறிடம் போகிறார். இப்பாடம் பின்னரும் பயன்படும்.

3. பண்பலையும் இரண்டு விழுக்காடும்

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் பண்பலை வானொலிகள் வந்தன. இவை பெரும்பாலும் திரையிசையையே நம்பியவை. இசை நிறுவனங்கள் பாடல் ஒலிக்கும் நேரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் கேட்டன. வானொலிகள் அது தம் வருவாய்க்கு ஒவ்வாத சுமை என்றன. வழக்கு பதிப்புரிமை வாரியத்திலும் உயர்நீதிமன்றங்களிலும் பல ஆண்டுகள் நடந்து, உச்சநீதிமன்றத்தை அடைந்தது. 2008 மே மாதம் அந்நீதிமன்றம், வெளியான ஒரு படைப்பை நியாயமற்ற நிபந்தனைகளின்மேல் மட்டுமே தருவேன் என்பதும் மறுத்தலுக்கு ஒப்பாகலாம் என்றும், கட்டாய உரிமத்தை ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிபரப்பாளருக்கு வழங்கலாம் என்றும் தீர்ப்பளித்தது.

அதன்பின் 2010 ஆகஸ்ட் 25 அன்று பதிப்புரிமை வாரியம் ஒரு புதிய அளவுகோலைத் தந்தது: ஒவ்வொரு பண்பலை நிலையமும் தன் நிகர விளம்பர வருவாயில் 2 விழுக்காட்டை இசை நிறுவனங்களுக்கு உரிமைத்தொகையாக அளிக்க வேண்டும். இதன் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். வானொலி வளர்ந்தால் உரிமைத்தொகையும் வளரும். நலிந்தால் அதுவும் குறையும். இசை நிறுவனங்களுக்கு இது பேரிழப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. 2020 டிசம்பர் 31 அன்று அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் வழங்கிய ஆணை, மீண்டும் பாடல் ஒலிக்கும் மணிநேர அடிப்படைக்கே திரும்பியது. சில மாதங்களில், 2021 ஏப்ரலில், அவ்வாரியமே கலைக்கப்பட்டு அதன் பணி நீதிமன்றங்களுக்கு மாறியது.

வருவாயில் பங்கு, மணிநேரக் கட்டணம் என்னும் இவ்விரு முறைகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் நேயரைத் தலையெண்ணுவதில்லை. தலையெண்ணும் முறையை இணையம் கொண்டுவந்தது.

4. அமெரிக்கா 2007: ஒரு நாள் மௌனம்

இணைய வானொலியின் கட்டண வரலாற்றை அமெரிக்காவைத் தவிர்த்துப் பேச இயலாது. அங்குக் கோபுரம்வழி ஒலிபரப்பும் வழக்கமான வானொலி, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் தொகை தரும். ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு எதுவும் தராது. இணைய வானொலியோ 1995, 1998ஆம் ஆண்டுச் சட்டங்களின் விளைவாக ஒலிப்பதிவுக்கும் தொகை தர வேண்டியதாயிற்று.

இணையத்தில் ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனியே ஒலி அனுப்பப்படுகிறது. ஆகவே எத்தனை பேர் எந்தப் பாடலைக் கேட்டனர் என்பதைக் கணினி எண்ணிவிடும். எண்ண முடிந்ததால், எண்ணிக்கையே கட்டணத்தின் அலகாயிற்று. ஒரு பாடலை ஒரு நேயர் கேட்டால் அது ஓர் அலகு. 2007 மார்ச் மாதம் அந்நாட்டின் பதிப்புரிமை உரிமைத்தொகை வாரியம் இவ்வலகின் விலையை 2006ஆம் ஆண்டுக்கு 0.0008 டாலர் என்றும், ஆண்டுதோறும் உயர்த்தி 2010ஆம் ஆண்டுக்கு 0.0019 டாலர் என்றும் அறிவித்தது. ஓர் அலைவரிசைக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 500 டாலர். இது 2006 தொடக்கம் முதற்கொண்டு முன்தேதியிட்டும் பொருந்தும் என்றது.

பார்வைக்குச் சிறிய எண்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறு வானொலியை எந்நேரமும் சராசரியாக 100 பேர் கேட்கின்றனர். மணிக்கு 15 பாடல்கள். ஒரு மணிநேரத்தில் 1,500 அலகுகள்; ஒரு நாளில் 36,000; முப்பது நாளில் 10,80,000. 2006ஆம் ஆண்டு விலையில் மாதம் 864 டாலர். 2010ஆம் ஆண்டு விலையில் 2,052 டாலர். விளம்பரமே இல்லாமல், விருப்பத்தின்பேரில் ஒரு சிறுபான்மை மொழிக்கு வானொலி நடத்துபவரால் இதனைத் தாங்க இயலுமா? மேலும், நேயர் இருமடங்கானால் செலவும் இருமடங்காகும். வருவாய் அப்படியே இருக்கும். வெற்றியே சுமையாகிவிடும்.

2007 ஜூன் 26 அன்று அமெரிக்க இணைய வானொலிகள் பல ஒருநாள் மௌனம் காத்து எதிர்ப்புத் தெரிவித்தன. அதன்பின் 2008, 2009ஆம் ஆண்டுச் சட்டங்கள் பேச்சுவார்த்தைக்கு வழி வகுத்தன. சிறு ஒலிபரப்பாளர் தம் வருவாயில் ஒரு பங்கைத் தரும் ஏற்பாடு உருவானது. அவ்வேற்பாடு 2015 இறுதியில் காலாவதியானது. ஆயிரக்கணக்கான சிறு வானொலிகளைத் தாங்கிநின்ற லைவ்365 என்னும் தளம், முதலீட்டாளர் விலகலும் சேர்ந்துகொள்ள, 2016 ஜனவரி 31 அன்று மூடப்பட்டது. பின்னர் அது புதிய உரிமையாளரின்கீழ் மீண்டது வேறு செய்தி. பண்டோரா என்னும் பெரிய சேவையும் 2007இல் உரிமச் சிக்கலால் அமெரிக்காவுக்கு வெளியே இருந்த நேயர்களுக்குக் கதவை மூட நேர்ந்தது. எல்லை கடந்த ஊடகம் என்று போற்றப்பட்ட இணையத்துள் இவ்வாறு நாட்டெல்லைகள் மீண்டும் வரையப்பட்டன.

எனினும் அந்த அமைப்பில் ஒரு நற்கூறு உண்டு. வரிவிலக்குப் பெற்ற, இலாப நோக்கற்ற நிலையங்கள், மாதத்துக்கு மொத்தம் 1,59,140 கேட்பு மணிநேரத்தைத் தாண்டாதவரை, ஆண்டுக்குரிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினால் போதும். எந்நேரமும் சராசரியாக ஏறத்தாழ 218 நேயர் என்பது இதன் பொருள். நம் கணக்கிலுள்ள 100 நேயர் வானொலி இதனுள் அடங்கிவிடும். கட்டணம் மிகுதியா குறைவா என்பது ஒருபுறமிருக்க, சிறியோருக்கென அறிவிக்கப்பட்ட ஒரு வாசல் அங்கு இருக்கிறது.

5. 'ஒலிபரப்பு' என்னும் சொல்லின் எல்லை

இந்தியாவில் அந்த வாசல் இருக்கிறதா? இங்கேதான் மொழியியல் மாணவருக்கு வேலை வருகிறது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் பதிப்புரிமைச் சட்டத்தில் 31-டி என்னும் பிரிவைச் சேர்த்தது. வெளியான பாடலை ஒலிபரப்ப விரும்பும் எந்த ஒலிபரப்பு நிறுவனமும், முன்னறிவிப்புத் தந்து, உரிய அமைப்பு நிர்ணயித்த தொகையைச் செலுத்தினால் போதும்; உரிமையாளரின் தனி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, வானொலி ஒலிபரப்புக்கும் தொலைக்காட்சி ஒலிபரப்புக்கும் வெவ்வேறு கட்டணம் நிர்ணயிக்கப்பட வேண்டும் என்கிறது.

இணையவழி ஒலிபரப்பு இதனுள் அடங்குமா? அடங்கும் என்று 2016 செப்டம்பரில் மத்திய அரசின் துறை ஒன்று குறிப்பாணை வெளியிட்டது. ஆனால் டிப்ஸ் நிறுவனத்துக்கும் விங்க் மியூசிக் சேவைக்கும் இடையிலான வழக்கில், 2019 ஏப்ரல் 23 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் அடங்காது என்றது. சட்டம் வானொலி, தொலைக்காட்சி என்னும் இரண்டை மட்டுமே குறிக்கிறது. 2012இல் இணையம் நாடாளுமன்றத்துக்குத் தெரியாததன்று. உரிமையாளரின் விருப்புரிமையைக் குறைக்கும் விதிவிலக்கைச் சுருக்கமாகவே பொருள்கொள்ள வேண்டும். அரசுக் குறிப்பாணை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. இவை தீர்ப்பின் சாரம். 2022 அக்டோபரில் அதே நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு இம்முடிவை உறுதிசெய்தது.

சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் இவ்வாசிப்புக்கு அடிப்படை இருக்கிறது. விங்க், நேயர் தாம் விரும்பிய பாடலைத் தேர்ந்து கேட்கவும் தரவிறக்கவும் இடந்தந்த வணிகச் சேவை என்பதையும் மறத்தலாகாது. ஆனால் தீர்ப்பின் வீச்சு அத்தகைய சேவைகளோடு நிற்கவில்லை. அறிவிப்பாளர் ஒருவர் அமர்ந்து, தாம் தேர்ந்த பாடலைத் தாம் தேர்ந்த வரிசையில் அளிக்கும் இணைய வானொலியும் அதே வேலிக்கு வெளியே நிற்கிறது. தமிழில் 'வானொலி' என்னும் சொல் வானின்வழி வரும் ஒலியைக் குறித்து உருவானது. வழக்கில் அது வழியைக் குறிப்பதை விட்டு, ஒருவர் பேசிப் பாடல் போட்டுப் பலருக்கு அளிக்கும் ஓர் அமைப்பைக் குறிக்கத் தொடங்கி நெடுநாளாயிற்று. சித்தூர்ச் சந்தையில் கைப்பேசியில் கேட்பவரும் 'ரேடியோ கேக்கறேன்' என்றே சொல்கிறார். வழக்குச் சொல் நகர்ந்துவிட்டது. சட்டச் சொல் நகரவில்லை. அந்த இடைவெளியில் சிறு வானொலிகள் விழுகின்றன.

நடைமுறை விளைவு இதுதான்: இணைய வானொலிக்கு இந்தியாவில் சட்டவழி நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் இல்லை. வரிக்கும் மெட்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்னும் உரிமைச் சங்கத்தை அணுகலாம். ஒலிப்பதிவுக்கோ எல்லா நிறுவனங்களையும் அடக்கிய ஒற்றை வாசல் இல்லை. நிறுவனந்தோறும் பேச வேண்டும். விலையைச் சொல்வது உரிமையாளரின் விருப்பம். மறுமொழி தராதிருப்பதும் அவர் விருப்பம்.

6. எல்லையில் ஒரு சிறு வானொலி

சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1 அன்று உருவான ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றத்தின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், சித்தூர் நகரம் எனப் பல இடங்களில் தமிழ் பேசுவோர் ஆந்திரத்திலேயே தொடர்ந்தனர். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் இத்தனை முறை மாறினும், சென்னை வானொலியின் மத்திய அலை எந்தக் கோட்டையும் மதித்து நின்றதில்லை. பள்ளியில் தெலுங்கு படித்து, வீட்டில் தமிழ் பேசி, தமிழ் எழுத்தறியாத ஒரு தலைமுறைக்குச் செவிவழித் தமிழே எஞ்சிய தமிழ்.

அந்நம்பிக்கையில்தான் நானும் மூன்று நண்பர்களும் ஒரு வாடகை அறையிலிருந்து இணைய வானொலி ஒன்றைத் தொடங்கினோம். நெசவுக்கூடங்களிலும் வயல்களிலும் பதிவுசெய்த பேச்சு, தாலாட்டு, ஒப்பாரி, விடுகதை ஆகியன எங்கள் உள்ளடக்கம். இடையிடையே பழைய திரைப்பாடல்கள். வெறும் பேச்சைக் கேட்க வருவோர் குறைவு என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்தோம். திரைப்பாடல்தான் திண்ணை. அதில் வந்து அமர்ந்தவர்களே பிறகு எங்கள் பேச்சையும் கேட்டனர். கேட்டபின் தம் குரலைப் பதிவுசெய்து அனுப்பினர். 'எங்க ஊர்ல இத வேற மாதிரி சொல்லுவோம்' என்று தொடங்கும் அக்குரல் செய்திகள், களப்பணியில் நான் ஆறுமாதம் அலைந்தாலும் கிடைத்திராத தரவுகள்.

உரிமம் பெறாமல் நடத்துவது முறையன்று என்று தெளிந்தபோது இசை நிறுவனங்கள் சிலவற்றுக்கு எழுதினோம். சில மறுமொழியே தரவில்லை. ஒன்று, நேயர் எண்ணிக்கை எதுவாயினும் ஆண்டுக்கு ஒரு குறைந்தபட்ச உறுதித்தொகை கேட்டது. அது எங்கள் அறை வாடகை, இணையச் செலவு ஆகியவற்றின் ஆண்டு மொத்தத்தைவிடப் பல மடங்கு. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். எங்களைப் போன்றோரை மனத்திற்கொண்டு வகுத்த தொகையன்று அது. பாடல்களை நீக்கினோம். திண்ணை காலியாயிற்று. சில மாதங்களில் குரல் செய்திகளும் நின்றன. நேயர்கள் எங்கே போயினர்? 1952இல் போனதைப்போலவே வேறிடம் போயினர்: தமக்கென ஒரு வட்டாரம் இல்லாத, தானியங்கியாகப் பாடலை அடுக்கித் தரும் பெருஞ்செயலிகளுக்கு. அங்குப் பாடல் குறைவின்றிக் கிடைக்கிறது. நகரித் தமிழ் கிடைப்பதில்லை.

7. படைப்பாளியின் பக்கம்

இவ்வளவும் சொன்னபின், பாடல் இலவசமாக வேண்டும் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. இந்திய இசைப் படைப்பாளிகள் பட்ட இழப்பு பெரிது. 1977இல் உச்சநீதிமன்றம், ஊதியம் தந்து திரைப்படத்துக்காக எழுதுவித்த பாடலின் உரிமைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்துத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. நீதிபதி கிருஷ்ண ஐயர் பாடகருக்குச் சட்டத்தில் இடமில்லாமையைத் தனியே சுட்டி வருந்தினார். அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஒருமுறை பெற்ற ஊதியத்தோடு நிற்க, பாடல்கள் பிறருக்குப் பொருளீட்டின. 31-டி பிரிவைத் தந்த அதே 2012ஆம் ஆண்டுத் திருத்தம்தான், தம் உரிமைத்தொகைப் பங்கைப் படைப்பாளி விட்டுக்கொடுக்கவே இயலாதவாறு காத்தது. இரண்டும் ஒரே சட்டத்தில் இணைந்து வந்தது தற்செயலன்று. படைத்தவருக்குத் தொகை, ஒலிபரப்புவோருக்கு வழி. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தால் சமன்பாடு குலையும்.

நாங்கள் வானொலியை நிறுத்தியதால் எந்தக் கவிஞருக்கும் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை. தாங்கத்தக்க ஒரு தொகை அறிவிக்கப்பட்டிருந்தால் அது சிறிதாயினும் உரியவரைச் சென்றடைந்திருக்கும். தாங்க இயலாத கட்டணம் படைப்பாளிக்கும் வருவாய் தருவதில்லை என்பதை இவ்விவாதத்தில் பலரும் கவனிப்பதில்லை.

8. 1949 தந்த முன்மாதிரி

தமிழ்ச் சமூகத்துக்கு இத்தகைய சிக்கல் புதிதன்று. பாரதியின் பாடல்களை இசைத்தட்டாக்கவும் ஒலிபரப்பவும் உள்ள உரிமை, அவர் மறைவுக்குப்பின் கைமாறி ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றதும் வழக்கு எழுந்தது. பாரதி பாடலைப் பாட ஒருவரின் அனுமதி வேண்டுமா என்னும் கேள்வி பொதுவெளிக்கு வந்தது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றது. செட்டியார் தம் உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார். கவிஞரின் குடும்பத்தாருக்குத் தொகை வழங்கப்பட்டது. பின்னர் அப்படைப்புகள் மக்களுக்குரியனவாயின. இவ்வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' நூலில் விரிவாக எழுதியுள்ளார், மாணவர்கள் அவசியம் வாசிக்க வேண்டும்.

இதில் நம் பகுதிக்கு ஒரு செய்தி உண்டு. 1949இல் சித்தூர் சென்னை மாகாணத்துள் இருந்தது. அன்றைய அரசு பாரதியைப் பொதுவாக்கியபோது, நகரி நெசவாளிக்கும் புத்தூர் உழவருக்கும் சேர்த்தே பொதுவாக்கியது. இன்று ஒவ்வொரு பாடலையும் அரசு வாங்கிவிட இயலாது, வாங்கவும் வேண்டியதில்லை. ஆனால் தடைக்கும் இலவசத்துக்கும் இடையே மூன்றாவது வழி உண்டு என்பதை அந்நிகழ்வு காட்டியது: உரியவருக்குத் தொகை, கேட்பவருக்குத் திறப்பு.

இன்றைக்கு அவ்வழியின் வடிவம் என்னவாக இருக்கலாம்? மூன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். முதலாவது, 31-டி பிரிவில் அறிவிப்பாளர் நடத்தும் இணைய வானொலியை நாடாளுமன்றம் பெயர்சொல்லிச் சேர்க்க வேண்டும். தேர்ந்து கேட்கும் வணிகச் சேவைகளை அதனின்று வேறுபடுத்தலாம். இரண்டாவது, குறிப்பிட்ட நேயர் வரம்புக்குட்பட்ட, இலாப நோக்கற்ற வானொலிக்குத் தலைக்கணக்கு நீக்கி, வருவாயில் ஒரு பங்கோ தாங்கத்தக்க ஆண்டுத்தொகையோ வகுக்க வேண்டும். மூன்றாவது நம் கையிலேயே உள்ளது: உரிமைக்காலம் முடிந்த தமிழ் ஒலிப்பதிவுகளின் பட்டியலைப் பல்கலைக்கழகத் துறைகள் தொகுக்கலாம். 1964 வரை வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமை 2024 இறுதியோடு முடிந்துவிட்டது. ஆயினும் வரி, மெட்டு ஆகியவற்றின் காலத்தைத் தனியே கணக்கிட வேண்டும். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் மறைந்தார், கண்ணதாசன் 1981இல். முன்னவர் வரிகள் சட்டப்படி திறந்துவிட்டன; பின்னவருக்கு 2041 இறுதிவரை காத்திருக்க வேண்டும். இக்கணக்கைப் பாடல்தோறும் பொறுமையாகச் செய்து முடிப்பது ஆய்வு மாணவர்க்கு ஏற்ற பணி. ஆர்வமுள்ளோர் இணைந்தால் இவ்வாண்டே தொடங்கலாம்.

எங்கள் வானொலியில் வந்த குரல் செய்திகள் ஒரு வன்தட்டில் பத்திரமாக உள்ளன. ஆய்வேட்டில் அவை எடுத்துக்காட்டு எண்களோடு இடம்பெறும். அனுப்பியவர்கள் அதற்காக அனுப்பவில்லை. தம் ஊர்க்காரர் செவியில் விழ வேண்டும் என்று அனுப்பினர். அக்கடன் எனக்கு இன்னும் இருக்கிறது. சட்டத்துறை நண்பர்கள் பிழை கண்டால் திருத்த வேண்டுகிறேன். எல்லைப்பகுதியில் இத்தகைய வானொலி நடத்திய பட்டறிவு உடையோர் எழுதினால் பெரிதும் மகிழ்வேன்.